எடுக்காம விட்ட சிரிப்பு

சினிமாவுல பொணமா நடிக்கிறவன் ஷாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சு ஒக்காந்து கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிச்சிரணும், அந்தச் சிரிப்பையும் கேமராவுல பிடிச்சு வச்சிரணும், அத எவனுக்கும் காட்ட வேண்டியதில்ல, படத்துல சேக்க வேண்டியதில்ல, ஆனா எடுத்தே ஆகணும்ங்கிறது பெரிய பெரிய படக்காரங்கள்ல இருந்து கல்யாண வீடியோக்காரன் வரைக்கும் தெரிஞ்ச விஷயம், சினிமாவே எடுத்தறியாத எங்க ஒத்தப்பனைக்குளத்துக்காரய்ங்களுக்கே தெரிஞ்ச விஷயம், படம் எடுக்க வந்தவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டான். அதுல தங்கமாயண்ணன் செத்துப்போனாரு, செத்துப்போனவரு மறுநாள் காலையில எங்கடைக்கு டீ குடிக்க வந்தாரு.

நான் பஸ் ஸ்டாப்புல டீக்கடை வச்சிருக்கேன். ஊருக்குள்ள எது நடந்தாலும் என் பாய்லர் பக்கத்துல ஒக்காந்துதான் பேசுவாய்ங்க, அதனால இதச் சொல்ல எனக்குத்தான் யோக்கியதை இருக்கு. குறுக்க பேசாம கேளுங்க.

மளிகைக்கடை ராசப்பன் மகன் அரிகரசுதன், சுதன் சுதன்னு கூப்பிடுவோம், மதுரையில போயி என்னமோ படிச்சிட்டு ஒரு தாடியோட வந்து எறங்கினான், குறும்படம் எடுக்கப்போறேன், போட்டிக்கு அனுப்பப்போறேன்னு எங்கடை பெஞ்சுல ஒக்காந்து எங்களுக்கெல்லாம் பாடம் நடத்துனான். "கதைய ஒரே வரியில சொல்லணும்ணே, சொல்ல முடியலைன்னா அது கதையே இல்ல. அப்பறம் ஷாட்டு பிரிக்கணும், தூரத்துல இருந்து ஒண்ணு, இடுப்பு வரைக்கும் ஒண்ணு, மூஞ்சிக்கு ஒண்ணு, இந்த மூணு போதும், எதையும் சொல்லிரலாம். முக்கியமா கன்டின்யூட்டி. மொத ஷாட்டுல சட்டையில ஒரு பட்டன் போடாம இருந்தா கடைசி ஷாட்டு வரைக்கும் அந்தப் பட்டன் போடாமத்தான் இருக்கணும்." நாங்க வாயப் பொளந்து கேட்டோம். பட்டனுக்கு இம்புட்டு மரியாதையான்னு இருந்துச்சு. அவன் சொன்ன ஒரு வரிக் கதை இதுதான்: அப்பன் செத்துக் கெடக்கான், கொள்ளி யாரு வைக்கிறதுன்னு ரெண்டு மகன்களும் அடிச்சுக்கிறாய்ங்க.

பொணத்துக்கு ஆள் வேணும்னதும் எல்லாரும் ஒரே வாயா தங்கமாயண்ணன்னு சொன்னோம். அவரு எங்க ஊர்த் தண்ணித்தொட்டி ஆப்பரேட்டரு, வால்வு சாவி அவரு இடுப்புல, மேலத்தெருவுக்குக் கூட ஒரு கொடம் போச்சுன்னு கீழத்தெருவும், கீழத்தெருவுக்குக் கூட ஒரு கொடம் போச்சுன்னு மேலத்தெருவும் தெனமும் அவர வய்யாத வசவு இல்ல, அதையெல்லாம் காதுல வாங்காம தொட்டி நிழல்ல மல்லாந்து படுத்தாருன்னா நெஞ்சு ஏறி எறங்குறது கூடத் தெரியாது. அவருக்கும் ஆசதான். "மூஞ்சிக்கு ஒரு ஷாட்டு உண்டுல்ல தம்பி?"ன்னு ஒண்ணுக்கு நாலு தடவ கேட்டுக்கிட்டாரு.

படம் எடுத்தன்னிக்கு ஊரே வேலை வெட்டியப் போட்டுட்டு வந்து அழுதுச்சு. மூக்குல பஞ்சு வச்சு, நெத்தியில காச வச்சு, மூஞ்சியில வெளுப்பா மாவு பூசி, மாலையப் போட்டுப் பாடையில படுக்க வச்சோம், பொம்பளைங்க மாருல அடிச்சு அழுத அழுகையில நெசமான எழவு வீடு தோத்துப்போகும். மூஞ்சிக்கு ஷாட்டு வச்சாய்ங்க. கேமராவ அம்புட்டுப் பக்கத்துல கொண்டுபோயும் ஒரு முடி அசையல. சுதன் "கட்"டுன்னான். மதுரையில இருந்து வாடகைக் கேமராவோட வந்திருந்த சோதிபாசு, நாலு எடம் போயி வந்த மனுசன், கேமராவ விட்டுக் கண்ணை எடுக்காமயே, "தம்பி, அண்ணனச் சிரிக்க வைங்க, ஓட்டிக்கிட்டிருக்கேன்"னாரு. தங்கமாயண்ணனும் முழங்கையை ஊனிப் பாதி எந்திரிச்சிட்டாரு, ஒதட்டோரத்துல சிரிப்பு வந்தும் வந்திருச்சு. அப்பத்தான் இந்தச் சுதன் பய ஓடிப்போயி அவரு வாயப் பொத்துனான்.

"அண்ணே அண்ணே, வேணாம், அடக்குங்க. நாளைக்குச் சுடுகாட்டு ஷாட்டு பாக்கி இருக்கு. இப்பச் சிரிச்சா மூஞ்சி மாவு வெடிச்சிரும், இதே மாதிரி திரும்பப் பூச முடியாது, கன்டின்யூட்டி போயிரும். கடைசி ஷாட்டு முடிஞ்சதும் ஒரேயடியா சிரிச்சுக்கலாம்."

அவரும் நல்ல பிள்ளையா அந்தச் சிரிப்ப முழுங்குனாரு. முழுங்கும்போது தொண்டைக்குழி ஏறி எறங்குனத ஊரே பாத்துச்சு. மாவு கலையக்கூடாதுன்னு மூஞ்சியக் கழுவாம வீட்டுக்குப் போயிப் படுத்தாரு. விடியறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிருச்சு, பிடிச்ச மழை விடல, சுடுகாட்டுப் பாதையில இடுப்பளவு தண்ணி, சோதிபாசு வேற கல்யாணத்துக்குப் போகணும்னு கேமராவ மூட்டை கட்டிட்டாரு, சுதனும் "அந்த ஷாட்டு இல்லாட்டியும் பரவால்ல, எடிட்ல சரிக்கட்டிக்கிறேன்"னு பஸ் ஏறிட்டான்.

நனைஞ்சுக்கிட்டே எங்கடைக்கு வந்தாரு தங்கமாயண்ணன். கொதிக்கக் கொதிக்கக் குடுத்த டீயக் கையில அப்படியே பிடிச்சுக்கிட்டு, "என்ன மாப்ள, பச்சத்தண்ணியக் குடுத்திருக்க?"ன்னாரு. நான் அவரு கையத் தொட்டுப் பாத்தேன், தொட்டிச் செவரு மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. நெஞ்சுல கைய வச்சேன், அவரும் தன் நெஞ்சுல கைய வச்சாரு, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம், உள்ள ஒண்ணும் ஓடல. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அமலி சிஸ்டரு குழாய வச்சுக் கேட்டாங்க, சந்தேகத்துக்குத் தன் நெஞ்சுல வச்சுக் கேட்டாங்க, மறுபடி அவரு நெஞ்சுல வச்சுக் கேட்டுட்டு, "நின்னுருக்கு"ன்னாங்க.

"பொணமா நடிச்சீங்களே, சிரிக்கலையா?"

"இல்ல சிஸ்டரு, நாளைக்குப் பாத்துக்கலாம்னாய்ங்க."

"அப்பறம் நிக்காம என்ன செய்யும்?"ன்னு குழாயத் தொடச்சு வச்சிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாங்க.

ஊர்ல ஒருத்தரும் ஆச்சரியப்படல. செத்தவரு நடமாடுறது எங்களுக்குப் பெரிசா படல, செத்தவர என்ன மொறையில வச்சுக்கிறதுங்கிறதுதான் பெரிய ரோதனையா இருந்துச்சு. சேதி போயி சொந்தக்காரய்ங்க மாலையோட வந்து எறங்கினா, இவரே வாசலுக்கு வந்து, "வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குறாரு. எழவு வீட்டுல வாங்கன்னு கூப்பிடலாமா? வந்தவய்ங்களுக்குக் கோவம் வந்திருச்சு, "பொணத்துக்கு ஒரு அடக்கம் வேணாமா?"ன்னு வாசல்லயே சத்தம் போட்டாய்ங்க. எரிச்சிரலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு, ஒரு சிரிப்பு பாக்கி இருக்கையில எரிக்கக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க, ஆனா மத்த சடங்க நிறுத்தி வைக்க முடியாதுல்ல, வீட்டுல தீட்டு நிக்கும், அதனால கருமாதி வச்சோம். கருமாதிப் பந்தியில அவருக்கும் ஒரு எல போட்டோம், படையல் எலையா பந்தி எலையான்னு தெரியாம பரிமாறுற பய முழிச்சான்.

அன்னிக்குத்தான் அவரு பொண்டாட்டி பவுன்தாயி மதினிய நடுவீட்டுல ஒக்கார வச்சாங்க, தாலி எறக்க. மதினி எதுத்தாப்ல ஒக்காந்திருந்த புருசனப் பாத்து, "யோவ், நீயே சொல்லுய்யா, நீ கண்ணு முன்னாடி குத்துக்கல்லா ஒக்காந்திருக்க, நான் எறக்கவா வேணாமா?"ன்னு கேட்டுச்சு. அவரு சுத்தி நின்ன பொம்பளைங்களப் பாத்தாரு. "எறக்கிரு பவுனு. ஊரு சொல்லுதுல்ல. நான் சிரிச்சு முடிச்சதும் திரும்பக் கட்டி விடுறேன்"னாரு. மதினி எறக்கி, அத மஞ்சத்துணியில முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிருச்சு. பூவையும் பொட்டையும் மத்த பொம்பளைங்க எடுத்தாங்க. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா கறிக்குழம்பு ஆறிக்கிட்டிருந்துச்சு.

அப்பறம் தண்ணி. பொணம் தொறந்துவிட்ட தண்ணிய எவ பிடிப்பா? கீழத்தெருப் பொம்பளைங்க கொடம் கொடமா ரோட்டுல ஊத்துனாங்க, மேலத்தெருப் பொம்பளைங்களும் ஊத்துனாங்க, என் ஆயுசுலயே அந்த ரெண்டு தெருவும் ஒத்துப்போனது அன்னிக்கு ஒருநாள்தான். பஞ்சாயத்துல கூடிப் பேசி, அப்பன் செத்தா மகனுக்கு வேலைன்னு சாவிய வாங்கி அவரு மகன் தீனா கையில குடுத்தாங்க. அதுவரைக்கும் பைக்குல ஊர் சுத்திக்கிட்டுத் திரிஞ்ச பய, சாவிய இடுப்புல சொருகினதும் மனுசனாயிட்டான், காலரு வச்ச சட்டையாப் போட்டான், பொண்ணு குடுக்க மூணு ஊர்ல இருந்து ஆள் வந்துச்சு. அப்பனைக் கண்டா மட்டும், "வெயில்ல திரியாதீங்கப்பா, நாலு பேரு பாக்குறாய்ங்க"ன்னு ஒதுங்கிப் போவான்.

என்னயக் கேக்குறீங்களா? நான் அவருக்குப் பேப்பர் கப்புல டீ குடுத்தேன், கடைக்கு வெளிய, கல்லு மேல வச்சு. கிளாஸ்ல குடுத்தா அப்பறம் அந்தக் கிளாஸ்ல எவன் குடிப்பான்? என் பொழப்ப நான் பாக்க வேணாமா? சவரக்கடையில சேத்துக்கல. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போறவய்ங்க அவரு ஒக்காந்திருக்காருன்னா பஸ் ஸ்டாப்ப விட்டுச் சுத்திப் போனாய்ங்க. வெளியூர்ல இருந்து ரொம்ப நாளு கழிச்சு வர்றவுக அவரப் பாத்ததும் கட்டிப் பிடிச்சு ஒரு மூச்சு அழுதுட்டு, கைகாலக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள போனாங்க. அவருக்கு அதுவே பெரிய ஆறுதலா இருந்திருக்கும், கட்டிப் பிடிக்க வேற யாரு இருந்தா?

உங்க போன்லயே அந்தச் சிரிப்ப எடுத்துத் தொலைச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. எடுத்தோம்யா. எல்லாப் பல்லும் தெரிய எம்போன்ல சிரிச்சாரு, நெஞ்சத் தொட்டுப் பாத்தா சில்லுனுதான் இருக்கு. எந்தக் கேமராவுல செத்தாரோ அந்தக் கேமராவுல, எவன் வாயப் பொத்துனானோ அவன் எதுக்க நின்னுதான் சிரிக்கணும்னு எல்லாருக்கும் வெளங்கிருச்சு.

சுதனுக்குப் போன் போடணும்னாலும் எங்கள்ல ஒருத்தர்தான் போட்டுக் குடுக்கணும், டச் போன் அவரு வெரலுக்கு வேலை செய்யாது. தெனமும் யாரு கிட்டயாச்சும் போயி நிப்பாரு, "மாப்ள, அந்தத் தம்பிக்கு ஒண்ணு போட்டுக் குடேன்." போட்டுக் குடுப்போம். "தம்பி, அஞ்சு நிமிச வேலைதான், ஒரே ஒரு சிரிப்பு, வந்து எடுத்துட்டுப் போயிருப்பா." எடிட் போயிக்கிட்டிருக்குண்ணேம்பான். எடிட் முடிஞ்சா டப்பிங்கும்பான். டப்பிங் முடிஞ்சா மியூசிக்கும்பான். மியூசிக் முடிஞ்சா கலர் பாக்குறோம்ணே, உங்க மூஞ்சிக் கலரு பிரமாதமா வந்திருக்குண்ணேம்பான். "அப்படியா தம்பி?"ன்னு அதுக்கும் சந்தோசப்படுவாரு. பெறகு போன எடுக்குறத விட்டுட்டான். எங்களுக்கும் சலிச்சுப்போச்சு, அவரு தூரத்துல வர்றதக் கண்டாலே போனப் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஆகாசத்தப் பாத்தோம்.

படத்துக்குப் பரிசு கெடச்சுது. பொணத்தோட மூஞ்சி ஷாட்டுல மூச்சு கூட விடல, இப்படியொரு நடிப்ப நாங்க பாத்ததேயில்லன்னு மேடையில பேசுனாய்ங்களாம், சுதனுக்குப் பொன்னாடை போத்துனாய்ங்களாம். அப்பறம் இன்னும் பெரிய போட்டி ஒண்ணு வந்துச்சு, வெளிநாட்டுல, அதுக்கு முடிவு பத்தல, சுடுகாட்டு ஷாட்டு இருந்தா நல்லாருக்கும்னு யாரோ சொல்லியிருக்காய்ங்க. ஒருநா அதே சோதிபாசு, அதே கேமராவோட காருல வந்து எறங்கினான் சுதன். எங்க ஊர்ல அன்னிக்குச் சந்தோசப்பட்ட மாதிரி ஒரு மனுசன் சந்தோசப்பட்டு நான் பாத்ததில்ல. பல்ல வெளக்கி, தானே கண்ணாடி பாத்துச் சவரம் பண்ணி, ஓட்டமும் நடையுமா வந்தாரு தங்கமாயண்ணன்.

"தம்பி, மொதல்ல சிரிப்ப எடுத்துருவோம், அப்பறம் நீ எந்த ஷாட்டு வேணா எடு, இந்த ஒரு தடவ எம்பேச்சக் கேளு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. சரின்னுட்டான். சரின்னாலும் கன்டின்யூட்டி வேணும்ல, அதே மாலை, அதே மாவு, அதே பாடை, அதே கூட்டம். கொட்டுக்காரய்ங்க வந்துட்டாய்ங்க. தீனா கொள்ளிச்சட்டியோட நின்னான், கதையில கொள்ளி வைக்கிற மகனா நடிச்ச பய வெளியூரு போயிட்டான், முதுகுப் பக்கம்தான் ஷாட்டு, அதனால நெசமான மகனே நின்னா போதும்னுட்டாய்ங்க. பவுன்தாயி மதினி ஓரமா நின்னு இடுப்புல இருந்த மஞ்சத்துணி முடிச்ச விரலால நெருடிக்கிட்டே இருந்துச்சு. தங்கமாயண்ணன் படுத்தாரு. ஆக்‌ஷன்னாய்ங்க, கட்டுன்னாய்ங்க, எந்திரிச்சு ஒக்காந்தாரு, கேமராவப் பாத்தாரு.

சிரிப்பு வரல.

ஒதட்ட இழுத்துப் பாத்தாரு. பல்லு தெரிஞ்சுச்சு, ஆனா அது சிரிப்பில்லன்னு எங்க எல்லாத்துக்கும் தெரிஞ்சுச்சு. "இது இல்லண்ணே"ன்னாரு சோதிபாசு, அவரு குரலே ஒரு மாதிரி ஆயிருச்சு. மறுபடி பாத்தாரு. கேமராவச் சுத்தி நாங்கதான நிக்கிறோம், நாங்க எல்லாரும் ஆளுக்கொரு மொகத்த வச்சுக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு நிக்கிறோம், அவரு ஒவ்வொரு மொகமாப் பாத்தாரு, என் மொகத்தையும் பாத்தாரு, இன்னுங் கொஞ்சம் மூஞ்சி சுருங்கிப்போச்சு. "சிரிண்ணே"ன்னோம். "யோவ், சிரிய்யா, எம்புட்டு நேரம்"னோம். பொம்பளைங்க கேலி பேசுனாங்க, ஒரு பய உள்ளங்காலுல கிச்சுக்கிச்சு மூட்டுனான், மேலத்தெரு பால்க்காரன் அவர மாதிரியே நடந்து காட்டுனான், எங்களுக்கெல்லாம் சிரிப்பு அள்ளிக்கிட்டுப் போச்சு, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம், ஊரே சிரிச்சுச்சு, அவரத் தவிர. தீனா பக்கத்துல வந்து, "சட்டுனு சிரிங்கப்பா, வால்வு தொறக்க நேரமாச்சு"ன்னான்.

"ஒரு நிமிசம் பொறுங்கப்பா. வந்துரும்"னாரு தங்கமாயண்ணன்.

வெளிச்சம் போயிக்கிட்டிருந்துச்சு. சுதன் வானத்தப் பாத்தான், கடியாரத்தப் பாத்தான். "சரிண்ணே, விடுங்க. சுடுகாட்டு ஷாட்ட எடுத்துருவோம். அது முடிஞ்சதும் தானா வந்துரும்"னு சொல்லிட்டு, கேமராவத் தூக்கிக்கிட்டு முன்னாடி போயிட்டான், பாடை வர்றத தூரத்துல இருந்து பிடிக்க. தங்கமாயண்ணன் தானாவே திரும்பப் படுத்துக்கிட்டாரு. நாலு பேரு தூக்குனோம், முன்னாடி எடக்கைப் பக்கம் நான்.

தெருமுக்குல பாடைய ஒரு சுத்து சுத்தித் தலைமாட்ட முன்னாடி மாத்திக்கிட்டுத் தூக்குறது எங்க பக்கத்து வழக்கம், அதோட பொம்பளைங்க நின்னுக்குவாங்க. அப்படி மாத்துனா பொணத்தோட மூஞ்சி பின்னாடி நிக்கிற பொம்பளைங்கள நோக்கித்தான் இருக்கும், தூக்குறவனுக்குத் தெரியாது, தூக்குறவன் திரும்பிப் பாக்கவும் கூடாது. பத்தடி போயிருப்போம், பின்னாடி இருந்து பவுன்தாயி மதினி கத்துச்சு:

"யோவ்! வேட்டி அவுந்து தொங்குதுய்யா! ஊரே பாக்குது, இழுத்துச் சொருகுய்யா மானங்கெட்ட மனுசா!"

பாடை லேசா குலுங்குச்சு. அடுத்த நிமிசம் மதினி போட்ட சத்தம் இருக்கே, அது வேற சத்தம். "சிரிச்சிட்டாரு! ஆத்தாடி, எம்புருசன் சிரிச்சிட்டாருடா! நிறுத்துங்கடா, எறக்குங்கடா பாவிகளா!"ன்னு மஞ்சத்துணிய அவுத்துக்கிட்டே ஓடி வந்துச்சு. பொம்பளைங்க எட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. தாலி எறக்குன எவதான் அப்படிச் சொல்லல, எல்லாரும் சொல்றதுதான்னு நாங்க நடையக் கூட்டுனோம், கொட்டுக்காரய்ங்களும் அடிய ஏத்துனாய்ங்க.

என் காதுக்கு மேல இருந்து தங்கமாயண்ணன் மெதுவா கூப்பிட்டாரு. "மாப்ள, நெசமாத்தான்டா. சிரிச்சிட்டேன்."

"கேமராவுக்காண்ணே?"

"இல்ல. பவுனுக்கு."

"அப்பச் செல்லாதுண்ணே"ன்னேன்.

"சூடா இருக்குடா மாப்ள, நெஞ்சுக்குள்ள. கொஞ்சூண்டு. தொட்டுப் பாரேன்"னாரு. எனக்கு எரிச்சலா வந்துச்சு, ரெண்டு கையாலயும் பாடையப் பிடிச்சிருக்கவன் எந்தக் கையால தொட்டுப் பாப்பான்?

சுடுகாட்டுல வெறகு அடுக்கித் தயாரா வச்சிருந்தாய்ங்க. எறக்கிப் படுக்க வச்சு, மேல வரட்டியும் வைக்கோலும் போட்டு மூஞ்சிய மட்டும் விட்டு வச்சோம். சுதன் குனிஞ்சு, "அண்ணே, தீய ஒரு தடவதான் எடுக்க முடியும், மறு டேக் போக முடியாது. நான் கட் சொல்ற வரைக்கும் மட்டும் அசையாதீங்க, சொன்னதும் எந்திரிச்சு கேமராவப் பாத்து நல்லாச் சிரிச்சிருங்க, சோதிபாசு ஓட்டிக்கிட்டே இருப்பாரு"ன்னான்.

"இப்ப வருது தம்பி. இப்ப நல்லாவே வருது"ன்னாரு அண்ணன். அவரு கண்ணோரத்துல தண்ணி நின்னுச்சு, மாவு கரையுதுன்னு சுதன் துண்டு நுனியால ஒத்தி எடுத்தான்.

ரோலிங்குன்னாய்ங்க. ஆக்‌ஷன்னாய்ங்க. தீனா திரும்பி நின்னுக்கிட்டு முதுகுப் பக்கமா கொள்ளிய வச்சான். வைக்கோல் சடசடன்னு பிடிச்சுது, சாயங்கால வெளிச்சமும் தீ வெளிச்சமும் ஒண்ணா சேந்து அப்படி ஒரு அழகு, சுதன் பாத்துக்கிட்டே நின்னான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அவன் வாய் முணுமுணுத்துச்சே தவிர கட்டுன்னு சொல்லல. தங்கமாயண்ணன் அசையல. சொன்ன சொல்லக் கேக்குற மனுசன் அவரு. சோதிபாசு மட்டும் கேமராவ விட்டுட்டுத் தள்ளிப் போயி, எங்களுக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டாரு, கேமரா பாட்டுக்குத் தானா ஓடிக்கிட்டிருந்துச்சு.

தீ எல்லாம் எறங்கி, வெளிச்சமும் எறங்கினதுக்கப்பறம்தான் சுதன் கட்டுன்னான். ஒரே டேக்குல ஓகே. நாங்க எல்லாரும் கைதட்டினோம்.